பேட்டரியின் பிடிவாதம்

மழையில் நனைந்த மின்சார சைக்கிள் பாதி மேட்டில் நின்றுவிட்டது. "பேட்டரி செத்துப்போச்சு" என்று அடித்துச் சொன்னது, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர். மோட்டாரும் ஒத்து ஊதியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய கடையில், மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிக் குப்பைப் பக்கம் வைத்தார்.

பேட்டரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சோதிக்காம என்னைத் தூக்கிப்போட விடமாட்டேன்!" என்று தன் பச்சை விளக்குகளையெல்லாம் எரியவிட்டது. அதைப் பார்த்த மெக்கானிக் மீட்டரை வைத்தார். முழு சார்ஜ். பிறகு கன்ட்ரோலரைத் திறந்தார். உள்ளே தண்ணீர். துடைத்துக் காயவைத்து, எல்லாவற்றையும் மாட்டினார்.

"விடுப்பா, கிளம்புவோம்" என்று குழைந்தது கன்ட்ரோலர்.

"தப்பு உன்னுதுன்னு மோட்டார் காதுபடச் சொல்லு. அதுவரைக்கும் ஒரு சொட்டு கரண்ட் கிடையாது."

கன்ட்ரோலர் முனகியது.

"கேக்கலை" என்றது பேட்டரி.

கன்ட்ரோலர் கத்திச் சொன்ன பிறகுதான் சக்கரம் சுழன்றது.