உளுந்தியின் நரை

முதுமையை நிறுத்தும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் அது. அங்கே எந்த எலியும் கிழடு தட்டியதே இல்லை. ஒருநாள் காலையில் உளுந்தியின் மீசையில் ஒரு முடி வெளுத்திருந்தது.

பக்கத்தில் படுத்திருந்த கடுகன் பதறிப்போனான். "மருந்தைத் துப்பிக்கிட்டு இருக்கியாக்கா? செத்துப்போயிருவ!"

"போறேன். எத்தனை காலந்தான்டா இதே மீசையைத் தடவிக்கிட்டிருக்கிறது? அடுத்தது என்னன்னு பாக்க வேண்டாமா?"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் பார்த்துவிட்டால் அவளைப் பிடித்து ஊசியில் மருந்தை ஏற்றிவிடுவார்கள்.

"பிடுங்கிரட்டுமா?" என்றான் கடுகன்.

"தொட்டுப் பாரு, கடிச்சுருவேன்."

கடுகன் போய் அவள் முன்னால் நின்றான். மற்ற எலிகளும் ஓடிவந்து நெருக்கிக்கொண்டு அவளை மறைத்தன. மறைத்தனவே தவிர, ஒன்றாலும் கதவுப் பக்கம் பார்க்க முடியவில்லை. எல்லாம் திரும்பி, வெளிச்சத்தில் மின்னிய அந்த ஒற்றை முடியையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன.