கண்மாய்க்குள் ஒரு வண்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வண்டியில் உட்காரவே தெரியவில்லை என்பது ஒச்சப்பனின் தீர்மானம். சினிமாக் கொட்டகையில் சாய்ந்திருப்பதுபோலக் காலை முன்னால் நீட்டிக்கொள்கிறார்கள்; விழுந்தால் ரோட்டைக் குறை சொல்கிறார்கள். அவர் மகள் பஞ்சவர்ணமும் நாற்பது வயதில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், போன ஆவணியில் புருஷன் விழுந்து செத்த அதே க்ரூஸர் பைக்கில். எங்கோ முன்னாலிருக்கும் பிரேக்கை அவள் கால் இன்னமும் தேடித்தான் மிதிக்கிறது. வறண்ட கண்மாய்க்குள் அவள் பழகுகிற நாளெல்லாம் அவர் பின்கம்பியில் மாட்டுக்கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு கூடவே ஓடுகிறார், மிரண்டால் இழுத்து நிறுத்திவிடலாம் என்று.

இன்று அவள் இறங்கிக் கயிற்றை அவிழ்த்து அவரிடமே கொடுத்தாள்.

“அவரு விழுந்த வளைவை ஒருதரம் தாண்டிட்டு வந்துர்றேன்யா.”

“தாண்டிட்டா செத்தவன் எந்திரிச்சு வந்துருவானாக்கும்?”

“வரமாட்டாரு. ஆனா தெனமும் நான் அந்த வளைவுலதான் கண்ணு முழிக்கிறேன்.”

“சரி, கயிறு அது பாட்டுக்கு வண்டியிலயே கெடக்கட்டும் தாயி.”

“சக்கரத்துல சுத்திக்கிரும்யா. தாண்டுனதும் ஹாரன் அடிக்கிறேன், போதுமா?”

வண்டி கரையேறியது. அதன் படபடப்பு கருவேலங்காட்டுக்குப் பின்னால் தேய்ந்து அடங்கியது. அவர் வாயைத் திறந்தபடி காது கொடுத்து நின்றார். வெகுநேரம் கழித்து ஒரு ஹாரன் நீளமாகக் கேட்டது.

மருமகனும் அன்றைக்கு ஹாரன் அடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

“ஹாரனை எவன் வேணா அடிக்கலாம்” என்று காறித் துப்பிவிட்டு, கயிற்றைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு ஒச்சப்பன் வளைவைப் பார்க்க நடந்தார்.