ஆறு பூச்சு

“சாகிற வரைக்கும் அவர் கையில இந்தப் பேனாதான் இருக்கணும் சார்.”

சொல்லிவிட்டு ரோஹிணி அந்தச் சிவப்பு மரத்துண்டை மேஜைமேல் வைத்தாள். சிட்லபாக்கம் வீட்டின் கார் ஷெட்டில் லேத் போட்டு, மரப்பேனா கடைந்து கொடுக்கும் ஜெயகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மெக்ஸிகோவிலிருந்து வரும் கோகோபோலோ மரம். நடுவில் விரல் நீளத்துக்கு விரிசல்.

அந்த மரத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் மாஸ்க் போடாமல் கடைந்து, தூள் பட்டு முகமெல்லாம் வீங்கி, மூச்சுவிட முடியாமல் டாக்டரிடம் ஓடியிருக்கிறார்.

“யாருக்கும்மா பேனா?”

“என் வீட்டுக்காரருக்கு. ஷ்யாம்சுந்தர்னு பேரு, பொத்தேரி காலேஜ்ல லெக்சரர். ஃப்ரெண்ட் கொடுத்த மரம், இதுலதான் வேணுமாம். இந்த சைஸ்ல பண்ணிடுங்க.” கைப்பையிலிருந்து ஒரு பழைய பேனாவை எடுத்து நீட்டினாள். அதன் பின்பக்கம் முழுக்கப் பல் தடம்.

“கடிப்பாரோ?”

“எழுதுற நேரத்தைவிட வாயில வச்சிருக்கிற நேரம்தான் ஜாஸ்தி,” என்று சிரித்தாள்.

“விரிசல் இருக்கேம்மா. சுத்துற வேகத்துல சிதறிடும். சூப்பர் க்ளூ விட்டு, மரத்தூளால அடைச்சு, மேலேயும் பூசிட்டா கல்லு மாதிரி நிக்கும்.”

ரோஹிணியின் சிரிப்பு நின்றது. “க்ளூ மட்டும் வேணாம் சார். ஒரு சொட்டுகூட. விரிசல் அப்படியே இருந்துட்டுப் போகட்டும், மெழுகு தேய்ச்சுக் கொடுங்க.”

“ஏம்மா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. காதில் வைத்தபடி கேட் பக்கம் நகர்ந்தாள். “சொல்லுடா தம்பி… ஆமா, போன வருஷமே போயிருக்க வேண்டிய உயிர். ஆபரேஷன் முடிஞ்சு பதினோரு நாள் ஐ.சி.யு.ல கிடந்தாரே… இப்ப எல்லாத்தையும் நானே பார்த்துப் பார்த்துப் பண்றேன்.”

குரலில் ஒரு பிசிறு இல்லை. மார்க்கெட்டில் தக்காளி விலை சொல்கிற குரல். பேசி முடித்தவள் மணியைப் பார்த்துவிட்டு, “ஞாபகம் வச்சுக்குங்க சார், க்ளூ வேணாம்,” என்று மறுபடி சொல்லி ஸ்கூட்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

ஜெயகிருஷ்ணன் பேங்க்கில் முப்பது வருஷம் கடன் பிரிவில் உட்கார்ந்தவர். முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வார். அப்படி முகத்தைப் பார்த்து அவர் கோட்டைவிட்ட கதைகள் இப்போது எதற்கு? அன்றைக்கு அவர் மரத்துண்டையும் பல் தடம் பதிந்த பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

தூளுக்கே முகத்தை வீங்கவைக்கிற மரம். அதை நாளெல்லாம் வாயில் வைத்துக் கடிக்கிற புருஷன். க்ளூ பூசினால் மரம் மூடிக்கொள்ளும், கடித்தாலும் ஒன்றும் உள்ளே போகாது. பூசாவிட்டால் ஒவ்வொரு கடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அதனால்தானே க்ளூ வேண்டாம் என்கிறாள்?

போலீசுக்குப் போனால், ‘ஒரு பொம்பளை பசை போடாதேன்னு சொல்லிட்டா சார்’ என்று புகார் எழுதிக் கொடுப்பதா? சிரித்து அனுப்பிவிடுவார்கள். முடியாது என்று மரத்தைத் திருப்பிக் கொடுத்தால் வேறு யாரிடமாவது கொண்டுபோவாள். முகம் தெரியாத அந்த ஷ்யாம்சுந்தரை நினைக்க அவருக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் மாஸ்க்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விரிசலுக்குள் சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அது சரசரவென்று உள்ளே இறங்கியது. தூளை அடைத்து, கடைந்து, மேலே ஒன்றல்ல இரண்டல்ல, ஆறு பூச்சு பூசினார். பளபளப்பு காட்டிக்கொடுக்குமே என்று உப்புத்தாளால் தேய்த்து மங்கவைத்து, அதன்மேல் மெழுகு ஏற்றினார். அடைத்த கோட்டின்மேல் ஊசியால் கீறி, விரிசல் அப்படியே இருப்பது போலவும் காட்டினார்.

சனிக்கிழமை வந்த ரோஹிணி பேனாவை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள்.

“க்ளூ போடலையே சார்?”

“சத்தியமா இல்லம்மா,” என்றார். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு பொய்க்காக அவர் பெருமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

“ரொம்ப தேங்க்ஸ் சார்,” என்றாள் கண்கள் விரிய. ‘உன் எண்ணம் பலிக்காதும்மா’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

ஒன்பதாம் நாள் காலை போன் அடித்தது. மறுமுனையில் ரோஹிணி மூச்சிரைத்தாள்.

“சார்… இவரை மறுபடி ஐ.சி.யு.ல சேர்த்திருக்கு. உதடு, தொண்டை எல்லாம் வீங்கி மூச்சே விட முடியல.”

ஜெயகிருஷ்ணன் போனை மறு காதுக்கு மாற்றினார். ‘கேடி! பேனா வேலை செய்யலைன்னதும் வேற வழி பார்த்துட்டாளா?’

“என்ன கொடுத்தேம்மா அவருக்கு?” என்றார் அதட்டலாக.

“நான் என்ன சார் கொடுப்பேன்?” அவள் குரல் உடைந்து அழுகையானது. “போன வருஷம் ஆபரேஷன் காயத்தைத் தையல் போடாம பசை வச்சு ஒட்டினாங்க, அது ஒத்துக்காமத்தான் சாகக் கிடந்தார். சூப்பர் க்ளூவும் அதே ஜாதியாம், கிட்டயே கொண்டுபோகாதீங்கன்னு டாக்டருங்க சொன்னாங்க. இப்பவும் அதே அலர்ஜிதான்னு சொல்றாங்க சார்…”

லேத் பக்கத்தில் காலியான க்ளூ டியூப்புகள் கிடந்தன.

“நீங்கதான் பேனாவுல க்ளூவே போடலையே, இந்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்!”