சிவந்த கிணறு

'மார்ச் 11, செவ்வாய். சிறு பிழை: காய்ச்சி வடித்த நீரை முதலில் சோதித்துப் பார்க்க மறந்துவிட்டேன். முடிவை அது பாதிக்காது என்று நினைக்கிறேன்.'

சாருஜா குறிப்பேட்டை மூடினாள். மாலை வகுப்பில் நீர்ப் பரிசோதனை படிக்கத் தொடங்கி இரண்டு மாதம்தான். அதற்குள் வெள்ளவத்தையில் ஒரு குற்றவாளியைப் பிடித்தாயிற்று.

தண்ணீரில் மருந்துத் துளிகளை விட்டால், பீனோல் என்ற நச்சு எள்ளளவு இருந்தாலும் சிவக்கும். அவள் வாடகைக்கு இருந்த வளவின் கிணற்று நீர் மூன்று நாளும் சிவந்தது. கிணற்றுக்குப் பக்கத்திலேயே மக்கீன் நானாவின் மரத் தளபாடப் பொலிஷ் பட்டறை; பொலிஷில் பீனோல் இருக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வேறென்ன வேண்டும்?

ஆனாலும் தன்னை நம்பாதது சாருஜாவின் சுபாவம். போத்தலையும் சோதனைக் குழாய்களையும் மும்மூன்று தரம், ஆஸ்பத்திரி மணக்கும் சிவப்புச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குவாள்.

வீட்டுக்காரர் இராஜநாயகத்துக்கு, பட்டறையை எழுப்ப ஒரு காரணம் கிடைத்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள பட்டறையைக் காலி பண்ணச் சொல்லிப்போட்டன், பிள்ளை. நாளைக்கு உம்மட அறிக்கையைத் தாரும், காணும்."

பின்னேரம் மக்கீன் ஒரு போத்தலுடன் வந்தார்.

"தங்கச்சி, இருபது வருஷமா இந்தக் கிணத்துத் தண்ணியிலதான் டீ குடிக்கிறன். இது தெமட்டகொடையில என்ட வூட்டுத் தண்ணி. இதையும் ஒருக்காப் பாருங்க."

சாருஜா வழக்கம்போல் எல்லாவற்றையும் கழுவி, அந்தத் தண்ணீரை ஊற்றித் துளிகளை விட்டாள். சிவந்தது.

"பாத்தீரே!" என்றார் பின்னாலேயே வந்து நின்ற இராஜநாயகம். "சொந்த வீட்டையும் விடேல்லை இந்தாள்!"

"அப்ப என்ட பொஞ்சாதி கேத்தலுக்குள்ள பொலிஷ் போடுறா போல" என்று சிரித்த மக்கீன், வாசலில் செருப்பைத் தேடும்போது சிரிக்கவில்லை. "சரி, நாளைக்கு லொறிக்குச் சொல்லணும்."

அவர் போன பிறகு சாருஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறந்துபோன அந்தக் காய்ச்சி வடித்த நீரை எடுத்தாள். எதுவுமே கலவாத தண்ணீர். குழாயைக் கழுவி, ஊற்றி, துளிகளை விட்டாள்.

எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம் சிவந்தது.

குப்பைக் கூடையைக் கிளறி ஓர் உறையை எடுத்து, விரித்து, அதில் அச்சிட்டிருந்த சேர்மானங்களை வாசித்தாள். பிறகு குறிப்பேட்டைத் திறந்தாள்.

'நாளைய வேலை: மக்கீன் நானா லொறிக்குச் சொல்லும் முன்னே போய், பீனோல் இருப்பது கிணற்றில் அல்ல, நான் மும்மூன்று தரம் தேய்த்த சவர்க்காரத்தில் என்று, இராஜநாயகத்தாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வது.'