பதினோராவது பாட்டு

கதவைத் திறந்தவளின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. உச்சந்தலையில் முடி ஒரு பட்டையாக அழுந்திக் கிடந்தது. புருஷன் இறந்த இந்த இரண்டு மாதமாக அவருடைய அறையிலேயே அடைந்துகிடந்து அழுகிறாள் என்று மாடி முழுக்கப் பேச்சு. பார்த்தால் பேச்சில் பொய்யில்லை என்றுதான் தோன்றியது.

புருஷன் கம்ப்யூட்டரில் இசை போடுகிறவர். ஆறு ஆல்பம் வந்து ஊரெல்லாம் பேர். அக்கம்பக்கத்தில் மட்டும் அவருக்கு 'இடி' என்று பெயர். அவர் ஸ்பீக்கரைத் திறந்தால் எதிர்வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் ஆடும். அவர் போனதிலிருந்து பாத்திரங்கள் அசையவில்லை. அதற்காக வருத்தப்பட்ட எதிர்வீட்டுக்காரர் யாரும் இல்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆல்பம் வெளியிடும் கம்பெனியின் மேனேஜர். மற்றவர் இடியின் உயிர் நண்பர். அப்படித்தான் இடி இறந்த அன்றைக்கே எட்டுப் பேட்டியில் சொன்னார். கடைசி இரண்டு வருடத்தில் அவர் இந்தப் படி ஏறியதை மாடியில் யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் விடுகிற மாடியும் அல்ல இது.

"போன்ல சொன்னீங்களே மேடம், சார் கம்ப்யூட்டர்ல பதினொரு பாட்டு இருக்குன்னு," உட்காருவதற்குள் மேனேஜர் ஆரம்பித்தார். "உடனே போட்டுடலாம். இப்பதான் ஊரே அவரை நினைச்சு அழுவுது. ஆறு மாசம் போச்சுன்னா வேற யாராவது செத்துருவாங்க."

அட்டைப்படம் அவர் பையில் தயாராக இருந்தது. கறுப்புப் பின்னணியில் ஒரு காலி நாற்காலி. பாட்டைத்தான் அவர் இன்னும் கேட்கவில்லை.

"எல்லாம் முடிஞ்ச பாட்டா?" என்றார் நண்பர். "அரைகுறையா இருந்தா நான் முடிச்சுத் தர்றேம்மா. அவன் மனசு எனக்குத்தான் தெரியும்."

"எல்லாம் முடிஞ்சிடுச்சுண்ணா. யாரும் கை வைக்க வேணாம்."

நண்பரின் முகம் சுருங்கியது. முடிக்க வேலை இல்லையென்றால் அட்டையில் பெயரும் இல்லை.

அவள் மேஜையில் கிடந்த ஹெட்ஃபோனை ஒதுக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். 'புதுசு', 'புதுசு சரியானது', 'இதுதான் கடைசி', 'இதுதான் கடைசி 2', 'சத்தியமா கடைசி' என்று பாட்டுகள் வரிசையாக நின்றன.

"கடைசின்னே பேர் வச்சிருக்கார் பாருங்க!" மேனேஜருக்குப் புல்லரித்தது. "சாவு வரப்போறது தெரிஞ்சிருக்கு சார் அவருக்கு!"

முதல் பாட்டுக்கே அவர் கண்ணை மூடிவிட்டார். மூன்றாவதில் தடதடவென்று ஏதோ ஓடியதும் நண்பர் துள்ளினார்.

"ரயில்! நானும் அவனும் ஸ்டேஷன்ல போய்ப் பதிவு பண்ணினது. அன்னிக்குச் செம மழை."

"மழையாண்ணா?"

"கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சும்மா. குடையே நான்தான் பிடிச்சேன்."

ஐந்தாவது பாட்டில் கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டும் ஓசை. தட்டியது தான்தான் என்றார் நண்பர். ஏழாவதில் ஒரு பெண் முணுமுணுத்தாள். அவளைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்ததும் அவர்தானாம். எட்டாவதில் நாலு நொடி ஒன்றுமே கேட்கவில்லை. அதுவும் அவர் யோசனை.

"அப்ப அட்டையில உங்க பேரும் வரணுமே சார்," என்றார் மேனேஜர்.

"நான் கேக்கல சார். அவன் ஆத்மா கேக்கும்."

பத்தாவது பாட்டு முடிந்ததும் மேனேஜர் ஒப்பந்தத்தை நீட்டினார். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள், கையெழுத்துப் போடவில்லை.

"ஒரு வரி சேக்கணும் சார். பாட்டை யார் போட்டாங்களோ அவங்க பேர் மட்டும்தான் அட்டையில வரணும். சும்மா பக்கத்துல நின்னவங்க பேரெல்லாம் வேணாம். வேற எதுவும் நான் கேக்கல."

"பக்கத்துல நின்னேனா? கூட உக்காந்து போட்டேன்மா!"

"அப்ப உங்களுக்கு என்னண்ணா பயம்?"

"எனக்கென்ன பயம்? எழுதுங்க சார்!"

மேனேஜர் அந்த வரியைக் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். அவளும் போட்டாள். நண்பர் சாட்சிக் கையெழுத்தைச் சுழித்துச் சுழித்துப் போட்டதில் பாதிப் பக்கம் போயிற்று.

பிறகு பதினோராவது பாட்டு. ஏழு நிமிடம் யாரும் அசையவில்லை. முடிந்தபோது மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த அழுகை நிஜம்.

"முப்பது வருஷமா கேக்கறேன் மேடம். அந்த ஆறு ஆல்பத்தையும் இது ஒண்ணே தூக்கிச் சாப்பிட்டுரும். இனிமே இப்படிப் போட உலகத்துல ஒரு ஆள் கிடையாது."

"நல்லா ஞாபகம் இருக்கு," நண்பர் மூக்கை உறிஞ்சினார். "ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலையில போட்டான். இந்த நாற்காலில அவன், அந்த ஸ்டூல்ல நான். மூணு மணி நேரம் ரெண்டு பேரும் எழுந்திருக்கவே இல்ல."

அவள் ஒப்பந்தத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஸ்டூல் காலியாத்தாண்ணா இருந்துச்சு, நேத்து மத்தியானம் இந்தப் பாட்டை நான் போட்டப்போ."