மாடிக் கதவு

"அம்மா, செடிக்கும் கால் மணி நேரம்தான் தாகம் எடுக்குமா?" என்று பொற்கொடியின் மகள் ஒருமுறை கேட்டாள். அடுக்ககத்தின் தானியங்கி மொட்டைமாடிக் கதவு ஒவ்வொரு வீட்டுக்கும் தினம் கால் மணி நேரம்தான் திறக்கும்.

ஐப்பசி அடைமழையில் பொற்கொடியின் தொட்டிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதை வடிக்க அவள் மாடிக்கு வந்திருந்தாள்.

"சீக்கிரம் அம்மா," என்றது கதவின் இயந்திரக் குரல்.

"வாயை மூடு! உன்னைச் செஞ்சவன் ஒரு கீரையாவது வளர்த்திருக்கானா?"

போன மாதம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவரைக்கொடியை யாரோ தூக்கிக் கட்டியிருந்தார்கள். தான்தான் கட்டியதாக எதிர்வீட்டு ஸ்டெல்லா சொல்லிக்கொள்ளவில்லை. கட்டியிருந்த அவளுடைய பழைய நைட்டித் துணிதான் காட்டிக்கொடுத்தது. ஸ்டெல்லாவின் கால் மணி நேரம் அதிலேயே போனதால் அவளுடைய கத்தரி அழுகிப்போனது.

இன்று ஸ்டெல்லாவுக்கு ஆஸ்பத்திரியில் இரட்டை டியூட்டி. அவளுடைய தக்காளிச் செடி சாய்ந்து கிடந்தது. தன் தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, கதவைத் திட்டிக்கொண்டே பொற்கொடி அதை நிமிர்த்தினாள். யார் கட்டியது என்று தெரியாதபடி வெறும் சணல் கயிற்றால் கட்டினாள்.