கதவைத் தட்டியவர்

கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டபடி, எதிர்வீட்டுக்காரர் டென்னிஸ், கூட்டத்துக்குள் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

எங்கே போய் ஒளிவது? பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம் அது. அந்தக் கென்டக்கிச் சிற்றூரில் வீடிழந்த அத்தனை பேரும் அங்கேதான் கிடந்தார்கள். சுவரிலிருந்த தொலைக்காட்சியில், இதற்கு முன் குளிர்காலத்தில் வந்த சுழல்காற்றுகளையும் அவை தின்று தீர்த்த ஊர்களையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். இனி இந்த ஊரையும் அதோடு சேர்த்துக்கொள்வார்கள்.

நேற்று மாலை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். டிசம்பரில் சுழல்காற்றா? சைரன் ஊதியபோதுகூட, மாதாமாதம் ஊதிப் பார்ப்பார்களே, அதுதான் என்று நினைத்தாள்.

அவள் கவலையெல்லாம் அடுப்பில் இருந்தது.

கருவாடு.

தூத்துக்குடியிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய நெத்திலி. கணவன் லூர்து வேலையாக டாலஸ் போயிருந்தான். ஆசை வெட்கம் அறியாது. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு வறுத்துக்கொண்டிருந்தாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

கதவுத் துளை வழியே பார்த்தாள். டென்னிஸ்.

உடம்பு கூசிப்போயிற்று. முன்பு குடியிருந்த அடுக்குமாடியில் இப்படித்தான் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். சாக்கடை உடைந்துவிட்டதா என்று கேட்டாள். அன்று பட்டதே ஜென்மத்துக்கும் போதும்.

அடுப்பை அணைத்தாள். விளக்கை அணைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் விடவில்லை. தட்டினார். ஏதோ கத்தினார். காற்றின் இரைச்சலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரு வறுவலுக்கு இவ்வளவு கோபமா என்று அவளுக்கு எரிச்சல்கூட வந்தது.

பிறகு வீடே அலறியது.

குளியல் தொட்டிக்குள் எப்படி விழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கூரை அவள் மேல் இறங்கியது. தீயணைப்புக்காரர்கள் வந்து இடிபாட்டைத் தோண்டி அவளை வெளியே எடுத்தார்கள். நெற்றியில் ஒரு கீறல். அவ்வளவுதான்.

அந்தத் தெருவில் நிலவறை இருந்தது டென்னிஸ் வீட்டில் மட்டும். மனைவியை அதற்குள் இறக்கிவிட்டு, இவளையும் கூட்டிப்போக ஓடி வந்திருக்கிறார். திரும்பிப் போக அவகாசம் இருக்கவில்லை. அவள் வீட்டு வாசலிலிருந்தே காற்று அவரைத் தூக்கி எறிந்திருக்கிறது.

காலையில் அவருடைய மனைவிதான் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். லூர்துவிடம் மட்டும் போனில் அழுதாள்.

"தூங்கிட்டேன்னு சொல்லிரு," என்றான் அவன். "யாருக்குத் தெரியப் போவுது?"

போர்வைக்குள் இருந்தவளை டென்னிஸ் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் அவள் தோளைத் தொட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"நான் தூங்கிட்டேன். நீங்க தட்டினது கேக்கவே இல்ல."

"அதனால என்னம்மா. பொழைச்சிட்டியே."

அருகில் காப்பி குடித்துக்கொண்டிருந்த தீயணைப்புக்காரர் திரும்பினார். அவளைத் தோண்டி எடுத்தவர்களில் ஒருவர்.

"இவருக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும்," என்றார். "நாங்க முதல்ல வேற தெருவுக்குப் போறதாத்தான் இருந்தோம். உடைஞ்ச கையோட வந்து வழிமறிச்சாரு. 'நான் தட்டுறப்போ உள்ள லைட்டு அணைஞ்சுது, கண்ணால பார்த்தேன், கண்டிப்பா ஆள் இருக்கு'ன்னு ஒரே பிடிவாதம்."

தீயணைப்புக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. மெல்ல டென்னிஸைப் பார்த்தாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னவள் இவள். முகம் சிவந்து உட்கார்ந்திருந்தவர் அவர்.

"கரண்ட் போயிருக்கும்," என்றார் டென்னிஸ், தீயணைப்புக்காரரிடம். "அதைத்தான் நான் பார்த்திருப்பேன்."

தீயணைப்புக்காரர் தலையாட்டினார். காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கரண்ட் போகல," என்றாள் அவள்.